ஆறு வருஷமாக ஓடும் பொய் வரலாறு

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "மாடல் ரயிலுக்குக் கற்பனை வரலாறு எல்லாம் அவசியமா? தண்டவாளத்தைப் போட்டு ஓட்டினால் போதாதா?" மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) டீசல் எஞ்சின் மாடலுக்கு 3டி பிரிண்டரில் அச்சடித்த மேல்கூடு விலை குறைந்திருக்கிற வாரம் பார்த்துக் கேட்டுவிட்டார். பதிலில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என்னுடையது 1:87 அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு), தண்டவாள இடைவெளி 12 மில்லிமீட்டர், பன்னிரண்டடிச் சுவர். நிஜக் கணக்கில் மொத்தமே 318 மீட்டர். கொஞ்சம் பெரிய ஸ்டேஷன் யார்டுக்கே அது போதாது. இங்கேதான் வரலாறு கைகொடுத்தது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு வரி வசூலித்து மாயவரம்–முத்துப்பேட்டை பாதையைப் போட்டது நிஜம். 1894இல் ஓட ஆரம்பித்து, பிறகு அறந்தாங்கி வரை நீண்டது. அதே போர்டு பேராவூரணியிலிருந்து கிழக்கே கடலோரத்துக்கு, உப்பு ஏற்ற ஒரு கிளையும் போட்டதாக நான் கதை கட்டினேன். கடைசி ஸ்டேஷனுக்கு உப்புத்திடல் என்று பெயர். வரிப்பணத்தில் போட்ட பாதை அல்லவா, எல்லாவற்றிலும் சிக்கனம்: ஒரே பிளாட்பாரம், இரண்டு லைன், ஆள் பெட்டி இரண்டும் உப்பு வேகன் நாலும் சேர்ந்த மிக்ஸட் ரயில் ஒன்று. என் சுவரின் ஏழ்மை போர்டின் ஏழ்மையாகிவிட்டது.

அதைவிடப் பெரிய லாபம் கதவு விஷயத்தில். பாதை சமையலறைக் கதவைக் குறுக்கே தாண்டுகிறது; அங்கே கழற்றி மாட்டுகிற பலகை. மதுரை–போடி பாதையை 1942இல் யுத்தத் தேவைக்காகப் பெயர்த்தார்கள், ஐம்பதுகளில்தான் மறுபடி போட்டார்கள். என் கிளைக்கும் அதே கதியை எழுதிவிட்டேன். பலகையைக் கழற்றினால் யுத்தகாலம். இப்போது வீட்டில் அது பேச்சாகவே ஆகிவிட்டது. ரயில் ஓடும்போது உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்: "யுத்தம் எப்போ வரும்? பாத்திரம் கையில சுடுது."

எல்லாம் சரி. 1964ஐத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எழுதி முடித்த ராத்திரி கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். தனுஷ்கோடியை அழித்த டிசம்பர் புயலிலேயே என் கிளைப்பாதையின் பாலமும் போயிற்று, பாதையை மூடிவிட்டார்கள் என்று ஒரு பத்தி. அழகான பத்தி, அதில் குறையில்லை. ஆனால் ஒய்டிஎம்-4 டீசல் நம் பக்கத்துக் கிளைப்பாதைகளுக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு. நான் சின்ன வயதில் வாய்பிளந்து பார்த்த எஞ்சின் அதுதான். என் மேஜையில் ரயில் ஓடுவது 1956ஆம் வருஷத்தில். ஒய்பி நீராவி எஞ்சின் மட்டும் பொருந்தும். ஆறு வருஷமாக எது விற்பனைக்கு வந்தாலும் வருஷத்தைப் பார்த்துவிட்டுப் பர்ஸை மூடிக்கொள்கிறேன். நிஜமான அறந்தாங்கி பாதையில் மீட்டர் கேஜ் 2000க்கு அப்புறமும் ஓடியது என்பது இன்னும் வயிற்றெரிச்சல். கலிஃபோர்னியாவில் ஜான் ஆலன் என்ற புகழ்பெற்ற மாடல்காரர் தன் கற்பனை ரயில்வேக்கு வைத்த பெயரை வாய்விட்டுச் சொன்னால் 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்று கேட்கும், ரத்தக்களறியாகித் தோற்றது என்கிற மாதிரி. அந்த விளையாட்டுப் புத்தி எனக்கு இருந்திருந்தால் புயலைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

"நீங்க எழுதினதுதானே, நீங்களே அழிங்க" என்றாள் மனைவி. அழித்தும் பார்த்தேன். பாதை மூடலை 1977இல் நாகப்பட்டினத்தை அடித்த புயலுக்குத் தள்ளிவைத்தேன்; மேஜையில் 1956 போய் 1969 ஆனது. பஸ், லாரி, விளம்பரத் தட்டி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது, அதுகூடப் பரவாயில்லை. லீவுக்கு அக்கா பெண் வந்தாள். ரயிலை உப்புத்திடலில் மெதுவாக நிறுத்திவிட்டு, "மாமா, புயலுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்குல்ல?" என்று கேட்டாள். அன்றைக்கே பழைய பத்தியைத் திரும்ப ஒட்டிவிட்டேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: எழுதாதீர்கள். தண்டவாளத்தைப் போடுங்கள், பிடித்த எஞ்சினை வாங்குங்கள், ஓட்டுங்கள். அந்த டீசல் கூட்டுக்கு நானும் நேற்றே பணம் கட்டிவிட்டேன். எங்கே ஓட்டப்போகிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.