ஈர மலையில் மெழுகு போட்ட செயின்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் சைக்கிள் ஓடுகிறவர்களுக்குச் செயின் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்று சொல்லித் தரவேண்டியதில்லை. தோட்டப் பாதையின் செம்மண்ணில் படிகக்கல் துகள் நிறையக் கலந்திருக்கிறது. எண்ணெய் வைத்த செயினில் அது ஒட்டிக்கொண்டால் கறுப்புப் பசையாகி, உள்ளே இருக்கும் ஊசிகளை அரைத்துக்கொண்டே இருக்கும். 2022இல் பெற்றோல் கிடைக்காத நாட்களில் மூலையில் கிடந்த சைக்கிளை வெளியே எடுத்தவர்கள் பலர். செயினும் பல்லுச் சில்லும் மாற்றுகிற செலவைப் பார்த்துவிட்டு அவர்களில் சிலர் மறுபடி மூலையில் வைத்தும் விட்டார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடமாக நான் எண்ணெயை விட்டுவிட்டு உருக்கிய பாரஃபின் மெழுகுதான் பாவிக்கிறேன். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: நனைந்த சைக்கிளை அன்று பின்னேரமே துடைக்க முடிந்தவருக்கு இதைவிட நல்லது இல்லை. இரவு முழுக்க வெளியில் நிற்கும் சைக்கிளுக்கு இது சரிவராது.

மெழுகு இறுகியதும் காய்ந்துபோவதால் மண் அதில் ஒட்டுவதில்லை. அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம். சைக்கிள் திருத்தும் பாஸ் ஒருவர், "என்ன தம்பி, எண்ணெய் வைக்காம செயின் ஓடுமா?" என்று கேட்டார். கைவிரலால் செயினைப் பிடித்து உருவிப் பார்க்கச் சொன்னேன். விரலில் வெள்ளைத் தூள் கொஞ்சம் பட்டதே தவிர, கறுப்பு இல்லை. அதற்கப்புறம் அவர் மெழுகைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதிக வேலை முதல் தடவைதான். புதுச் செயினில் கம்பனி போட்ட கிறீஸ் முழுவதும் போகவேண்டும், இல்லாவிட்டால் மெழுகு பிடிக்காது. மண்ணெண்ணெயில் ஊறவிட்டுக் குலுக்குங்கள். அழுக்கு வருவது நின்றபின் தின்னரில் ஒரு தரம், கடைசியாக ஸ்பிரிட்டில் ஒரு தரம். மண்ணெண்ணெய் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும், அதனால் கடைசி இரண்டையும் தவிர்க்காதீர்கள். கழுவிய மண்ணெண்ணெயைக் கானில் ஊற்றவே கூடாது. நம் கான்கள் இறங்குவது மஸ்கெலி ஓயாவுக்கும் கெஹெல்கமு ஓயாவுக்கும். அவை இரண்டும் சேர்ந்துதான் களனி கங்கை. போத்தலில் ஊற்றி வைத்தால் அழுக்கு அடியில் படியும், மேலே தெளிந்ததை அடுத்த தடவைக்கும் எடுக்கலாம்.

உருக்குவதற்குப் பழைய பால்மா பேணி போதும். பேணியை நேரே நெருப்பில் வைக்கவேண்டாம், மெழுகு அளவுக்கு மீறிச் சூடானால் பற்றிக்கொள்ளும். தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தால் அந்தப் பயம் இல்லை. மலையில் தண்ணீர் 100 பாகைக்கு முன்னமே கொதித்துவிடும்: 1868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகை. பாரஃபின் 60 பாகைக்குக் கிட்டவே உருகிவிடுவதால் அந்தச் சூடு தாராளம். செயினை அமிழ்த்தியதும் சின்னச் சின்னக் குமிழி வரும், அது இடுக்கில் இருந்த காற்று. கம்பியால் தூக்கித் தூக்கி அசைத்தால் இன்னும் வரும். குமிழி நின்றபிறகு அடுப்பை அணைத்து, மெழுகின் மேல் மெல்லிய ஆடை படியும்வரை பொறுத்துத் தூக்குங்கள். கொதிக்கக் கொதிக்கத் தூக்கினால் உள்ளே போனதும் வழிந்து வந்துவிடும். ஆறியபின் செயின் கம்பு மாதிரி விறைத்திருக்கும். ஒரு குழாயில் சுற்றி, கண்ணிக்குக் கண்ணி மடக்கி உடைத்தபிறகுதான் மாட்டவேண்டும்.

மெழுகுதிரியை உருக்கலாமா என்று கேட்கிறார்கள். சாயமும் வாசனையும் கலந்தது வேண்டாம். சுத்தமான பாரஃபின் கட்டி கிடைத்தால் அதுவே மேல். குளிர் காலையில் மெழுகு பொரிந்து உதிர்ந்தால், உருக்கும்போது பாரஃபின் எண்ணெய் கொஞ்சம் விடுங்கள், இளகும்.

இந்தக் கணக்கெல்லாம் பனிநாட்டுக்காரருக்கு அத்துப்படி. நோர்வேயில் பனியில் நெடுந்தூரம் சறுக்கிப் போகிறவர்கள் சறுக்குப் பலகையின் அடிப்பக்கத்தில் மெழுகை இஸ்திரிப்பெட்டியால் உருக்கி ஊறவிட்டு, ஆறியதும் மேலே நிற்பதைச் சுரண்டி, பிரஷ் போட்டு எடுப்பார்கள். கடும் குளிருக்குக் கடின மெழுகு, ஈரப் பனிக்கு மென்மெழுகு. அங்கிருந்து வரும் சொந்தக்காரர் மிஞ்சிய சறுக்கு மெழுகைக் கொண்டுவந்தால் செயினுக்குப் போடலாம். பலகையின் நடுவில் பிடிமானத்துக்குப் பூசும் ஒட்டு மெழுகு மட்டும் ஆகாது, அது மண்ணை இழுக்கும். ஃபுளோரின் கலந்த பழைய வகையையும் தொடாதீர்கள், சூடாக்கினால் அதன் புகை உடம்புக்குக் கேடு. சர்வதேசப் போட்டிகளில் 2023-24 பருவத்திலிருந்து அதைத் தடை செய்தும் விட்டார்கள்.

இனி மழை. தை முதல் பங்குனி வரை ஹட்டன் பக்கம் வெயில் நாட்களில் ஒருமுறை போட்ட மெழுகு 300 கிலோமீற்றர் அளவுக்கு நிற்கும். தென்மேல் பருவமழை இறங்கியபின், வட்டவளை, கினிகத்தேனை வழியாக ஒரு நல்ல மழையில் ஏறி வந்தாலே செயின் கிறீச்சிடத் தொடங்கும். எண்ணெய்போல மெழுகு இரும்பை மூடிக் காப்பதில்லை, ஈரத்தோடு விட்டால் விடியும்போது செந்துரு பூத்திருக்கும். ஆகவே இரண்டு செயின் வைத்திருங்கள். நனைந்ததைக் கழற்றித் துடைத்து அடுப்படியில் தொங்கவிட்டு, மெழுகு போட்டு வைத்த மற்றதை மாட்டலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தார் இதை மார்கழி மழைக்கு யோசித்துக்கொள்ளட்டும்.

தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை, அங்குலம் போட்ட இரும்பு அடிமட்டம் போதும். புதுச் செயினில் ஊசியிலிருந்து ஊசிக்கு அரை அங்குலம். 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அது பதினாறில் ஒரு அங்குலம் நீண்டுவிட்டால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு அங்குலம் வரை விட்டால் பல்லுச் சில்லும் சேர்ந்து போய்விடும். கையால் கழற்றும் இணைப்புக் கண்ணியைப் பலமுறை கழற்றி மாட்டுவதால் அது தளரும். மாட்டும்போது சொடக்கென்று பிடிக்காவிட்டால் புதுக் கண்ணி போட்டுவிடுங்கள், முக்கியமாக ரதெல்லை மாதிரி இறக்கங்களில் போகிறவர்கள்.