மோட்டாரோடு பாய்ப்படகை இழுத்துச் செல்லலாமா?

கட்டலினா 22 என்ற சிறிய பாய்ப்படகை வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைப் படகிலேயே விட்டு டிரெய்லரில் இழுப்பவர்கள் ஒரு கட்சி, கிளம்புமுன் கழற்றிவிடுபவர்கள் மறு கட்சி. டெக்சாஸின் ஆஸ்டினிலிருந்து டிராவிஸ் ஏரிக்கும், விடுமுறையில் கடற்கரை நகரான கார்பஸ் கிறிஸ்டிக்கும் பல ஆண்டுகளாக இழுத்துப்போகும் எனக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஏரிக்கு மோட்டாரோடு போவேன், கடலுக்குக் கழற்றிவிட்டுத்தான்.

மோட்டார் விழுந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதற்கு ஒரு சங்கிலியும் பூட்டும் போதும். கவனிக்க வேண்டியது மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டை. 5 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் ஏறக்குறைய 25 கிலோ. ஸ்பிரிங் பிராக்கெட் அதைப் பின்பலகைக்கு வெளியே தள்ளிப் பிடித்திருப்பதால், பாலத்து இணைப்புகளில் டிரெய்லர் துள்ளும்போதெல்லாம் அந்த எடை போல்ட்டுகளை நெம்புகிறது. முதல் கோடை முடிவதற்குள் மேல் போல்ட்டுகளைச் சுற்றி முடியிழை போல விரிசல். அதற்குக் கீழே துருநீர் வடிந்த பழுப்புக் கோடு. உட்புறம் அகலமான அலுமினியத் தகடு கொடுத்து முடுக்கிய பிறகு விரிசல் வளரவில்லை.

ஏரிக்குப் போகும்போது பிராக்கெட்டை மேலே ஏற்றி, மோட்டாரைச் செங்குத்தாகவே விடுகிறேன். சாய்த்து நிறுத்தும் கொக்கி சாலைப் பயணத்துக்கானது அல்ல, கையேடுகளே எச்சரிக்கின்றன. ஸ்பிரிங் ஆடாதபடி பிராக்கெட்டை இருபுறமும் பெல்ட்டால் இறுக்குகிறேன். மோட்டார் திரும்பாமல் கைப்பிடிக்கு ஒரு கயிறு.

எடைக் கணக்கும் உண்டு. இழுக்கும் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது வண்டியின் இணைப்பில் அமர வேண்டும். பின்கோடியில் தொங்கும் மோட்டார் மட்டும் அதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அதோடு பெட்ரோல் தொட்டி, பேட்டரி, ஐஸ் பெட்டி எல்லாம் பின்பக்கம் சேர்ந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கனமான சாமான்களை முன்னறைக்கு மாற்றியதில் எனக்கு அந்த ஆட்டம் நின்றது.

கழற்றி வண்டிக்குள் வைப்பதும் சுகமான வேலை அல்ல. முதலில் நிமிர்த்தி வைத்துத் தண்ணீரை வடித்து, கார்புரேட்டர் பெட்ரோலையும் வெளியேற்ற வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரைக் கையேடு சொல்லும் பக்கமாகத்தான் படுக்க வைக்கலாம். மாற்றிப் படுக்க வைத்தால் எஞ்சின் எண்ணெய் சிலிண்டருக்குள் போய்விடும். இவ்வளவு செய்தாலும் கார்பஸ் கிறிஸ்டி வரை பெட்ரோல் வாசனை வரும். ஜன்னலைத் திறந்துகொள்கிறோம்.