நடையும் நிலைப்பும் அளக்கும் கருவிகள்: நீண்டநாள் புழக்கத்தில் தேறியவை, தேறாதவை

பக்கவாதம், பார்க்கின்சன், சர்க்கரையால் மரத்துப்போன பாதம் என்று வருகிறவர்களை அளக்க எங்கள் கும்பகோணம் பிசியோதெரபி மையத்தில் புழங்குபவை மூன்று: நான்கு லோடுசெல் (எடையை உணரும் கருவி) வைத்த, ஏறி நிற்கும் நிலைப்பலகை, நடையின் அடிகளை எண்ண இடுப்பில் கட்டும் சென்சார், ஸ்டாப்வாட்ச். இதில் அதிகம் நம்பலாம் என்றால் ஸ்டாப்வாட்ச்தான்.

நிற்கும்போது பாதத்தின் அழுத்த மையம், அதாவது உடல் எடை அழுந்தும் மையப்புள்ளி, அலைவதைப் பலகை கோடாக வரையும். கோட்டின் நீளம் குறைந்துவிட்டது, ஆள் தேறிவிட்டார் என்று உடனே எழுதிவிட வேண்டாம். மலிவான பலகைகளில் லோடுசெல்லின் அளவை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 சில்லு நொடிக்கு 10 அல்லது 80 பதிவு தரும். 80க்கு மாற்றினால் இரைச்சலும் (மின்சுற்றின் பொய்யான சிறு ஆட்டம்) சேர்ந்து அதே ஆளின் கோடு நீண்டுவிடும். அதனால் ஒரு பலகையின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது. பலகை நிஜமாக உதவுவது எந்தக் காலில் எத்தனை சதவீத எடை என்பதற்கு. நல்ல காலிலேயே சாய்ந்து நிற்பவர், திரையில் 70:30 என்று பார்த்ததும் தானே திருத்திக்கொள்ளப் பார்ப்பார்.

டெல்டாவில் தொல்லை தரையில். களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். மேலே போட்ட தளமும் சேர்ந்து அசையும். போதாததற்குக் கழுவிவிடத் தோதாக வாட்டம் வேறு. 19 மி.மீ. பிளைவுட்டுக்கு அடியில் மட்டம் சரியாக மரச்சக்கை கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே பலகையை ஏற்றுங்கள். முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லை மூலைக்கு மூலை மாற்றி வைத்தால் மொத்த எடை ஒரே எண்ணாக வர வேண்டும். நெல் மூட்டையை 40 கிலோ என்று நம்பி வைக்காதீர்கள், ஈரப்பதம் ஏமாற்றும்.

பாதத்தைச் சுற்றித் தாளில் கோடு போட்டு ஒட்டி, எப்போதும் அதே தடத்தில், வெறுங்காலில், 30 நொடி, மூன்று தடவை. கண்ணை மூடச் சொல்லும்போது பின்னால் ஆள் நிற்கட்டும், ஆனால் தொடக்கூடாது. விரல் நுனி பட்டாலே அலைவு குறைந்துவிடும்.

சென்சாரைச் சேலைச் சுற்றின் மேல் கட்டினால் துணியின் ஆட்டத்தைத்தான் அளக்கும்; கீழ்முதுகில் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். அப்படியும் கைத்தடி ஊன்றும் அதிர்வை ஓர் அடியாக எண்ணும், பாதத்தை இழுத்து நடப்பவரின் அடியை விட்டுவிடும். யாருக்காக வாங்கினோமோ அவர்களிடமே திணறுகிறது. வேட்டியை மடித்துக் கட்டினால் ஒரு நடை, இறக்கிவிட்டால் ஒரு நடை. அதையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

ஸ்டாப்வாட்சுக்கு 14 மீட்டர் தாழ்வாரம் போதும். முன்னும் பின்னும் 2 மீட்டர் விட்டு நடுவிலுள்ள 10 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுங்கள். 12.5 நொடியைத் தாண்டினால் வேகம் நொடிக்கு 0.8 மீட்டருக்குக் கீழே. தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வருவது சிரமம். எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனையில் 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வரம்பு. அதற்குச் சுமார் 46 செ.மீ. உயரமும் கைப்பிடியும் உள்ள நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் கை ஊன்றினால் கால் விரிந்து, எழுவதிலேயே நேரம் போய்விடும்.

பார்க்கின்சன்காரர்களுக்கு மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதி, அதே இடைவெளியில் அளக்க வேண்டும். இல்லையென்றால் மருந்தின் வேகத்தைப் பயிற்சியின் கணக்கில் எழுதிக்கொண்டிருப்போம்.