மேட்ரிஜெல்: வாங்குமுன் லாட் எண்ணைப் பாருங்கள்

ஸ்டெம் செல் வளர்க்கும் ஆய்வகம் என்றால் ஃப்ரீசரில் மேட்ரிஜெல் பாட்டில் ஒன்று கிடக்கும். கார்னிங் நிறுவனம் விற்கும் இந்தக் கூழ், செல்கள் ஒட்டி வளர்வதற்கான தளம்; எலியின் சார்கோமா என்ற புற்றுக் கட்டியிலிருந்து பிரித்தெடுத்தது. அதன் புரதங்களில் லேமினின் சுமார் 60%, நான்காம் வகைக் கொலாஜன் 30%, என்டாக்டின் 8%. வில்லங்கம் மிச்சத்தில் இருக்கிறது. 2010இல் வெளியான ஒரு புரத ஆய்வு இதில் ஏறக்குறைய 2,000 புரதங்களை எண்ணியது. லாட்டுக்கு லாட், அதாவது ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும், ஒற்றுமை சராசரியாக 53% என்றும் சொன்னது. போன மாதம் ஒழுங்காக வளர்ந்த செல் இந்த மாதம் முரண்டு பிடித்தால், மீடியத்தை (செல்லுக்கான ஊட்டத் திரவம்) திட்டுவதற்கு முன் பாட்டிலில் லாட் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கையாள்வதில் பொறுமை வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஆனால் ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரீசர் ஆகாது. பனியை உருக்க அது அவ்வப்போது சூடேறும், பாட்டிலும் கூடவே இளகி உறையும். உருக்கும்போது பாட்டிலை ஐஸில் புதைத்து, அந்த ஐஸ் பெட்டியோடு 4 டிகிரி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு விடுங்கள். 10 டிகிரியைத் தாண்டினாலே இறுகத் தொடங்கும், 22க்கு மேல் மளமளவென்று கட்டியாகிவிடும். அதனால் பைப்பெட் டிப், டியூப் எல்லாம் முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும். உருகியதும் ஒருமுறைப் பயன்பாட்டுக்கான அளவுகளாகப் பிரித்து உறையவையுங்கள். கட்டி தட்டிவிட்டதா? தூக்கி எறிய வேண்டாம், 4 டிகிரியில் ஐஸ் மேல் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால் மறுபடி நீர்க்கும். நிறம் வைக்கோல் மஞ்சளோ கருஞ்சிவப்போ, அது ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டியின் வேலை. கெட்டுப்போன அடையாளம் அல்ல.

ஐபிஎஸ் செல்லுக்கு (உடல் செல்லை மாற்றி உருவாக்கும் ஸ்டெம் செல்) பிளேட் பூச, ஹெச்இஎஸ்சி-குவாலிஃபைட் (மனிதக் கரு ஸ்டெம் செல்லுக்கெனச் சோதித்தது) என்ற வகையை வாங்குங்கள். எத்தனை மைக்ரோலிட்டரை எவ்வளவு குளிர்ந்த டிஎம்இஎம்/எஃப்12 மீடியத்தில் கலப்பது என்பது அந்த லாட்டின் சான்றிதழில் இருக்கும். பழைய லாட்டின் கணக்கையே புதியதற்கும் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. பூச்சு மெலிந்து, காலனிகள் விளிம்பிலிருந்து உரிந்து வரும். ஆறு குழிப் பிளேட்டில் குழிக்கு 1 மி.லி., அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம். உலர விட்டால் பூச்சு வீண். பாராஃபில்ம் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

மேட்ரிஜெல்லின் அசல் பலம் ஆர்கனாய்டில், அதாவது ஸ்டெம் செல்லிலிருந்து வளர்க்கும் குட்டி உறுப்பில், தெரியும். 2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு ஒற்றைக் குடல் ஸ்டெம் செல்லிலிருந்து குட்டிக் குடலை வளர்த்தது இதற்குள்தான். 24 குழிப் பிளேட்டை முன்பே 37 டிகிரிக்குச் சூடாக்கி, குழிக்கு 50 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, கவிழ்த்து 10–15 நிமிடம் இறுக விடுங்கள். நிமிர்த்தியே வைத்தால் செல்கள் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். புரத அடர்த்தி மி.லி.க்கு 8 மி.கி.க்குக் கீழே போனால் சொட்டு தட்டையாகிச் சரியும்.

நோயெதிர்ப்பு ஆய்வு செய்பவர்கள் லேபிளில் முதலில் தேட வேண்டியது 'எல்டிஇவி-ஃப்ரீ' என்ற சொல்லை. எல்டிஇவி ஓர் எலி வைரஸ்; கட்டி வளர்த்த எலியிலிருந்து அது கூழோடு வந்துவிடலாம். மனிதருக்கு ஒட்டாது. எலியிலோ மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லுக்குள் புகுந்து ஆயுள் முழுக்கத் தங்கும், ரத்தத்தில் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியை 5 முதல் 10 மடங்கு ஏற்றும். எலி பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும், நோயெதிர்ப்பு அளவீடுகள் மட்டும் கோணலாகும். செல்லோடு கலந்து எலிக்குள் ஊசி போடும் சோதனைகளில் இதை விட்டால் மொத்தத் தரவும் போச்சு.

அன்றாட ஐபிஎஸ் வளர்ப்புக்கு மட்டும் என்றால் விட்ரோநெக்டின் என்ற ஒற்றைப் புரதப் பூச்சே போதும். ஒற்றைச் செல்லாகப் பிரிப்பவர்களுக்கு லேமினின்-521 இன்னும் நன்று, விலைதான் உறைக்கும். நோயாளிக்குள் செலுத்தப்போகும் செல்லை எலிக் கட்டிச் சாற்றில் வளர்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஜெல்ட்ரெக்ஸ் என்ற மாற்றுக் கூழுக்கு மாறினால் லாட் தொல்லை தீரும் என்று நம்ப வேண்டாம், அதுவும் அதே கட்டியின் வகையறா. ஆர்கனாய்டுக்கு மேட்ரிஜெல்லே வாங்குங்கள்: முதலில் ஒரு பாட்டில், உங்கள் செல்லில் மூன்று பாசேஜ் (செல்லைப் பிரித்துப் புதிதாக வளர்க்கும் சுற்று), தேறினால் ஆண்டுத் தேவை முழுவதையும் அதே லாட்டில் ஒதுக்கச் சொல்லுங்கள், காலாவதித் தேதியையும் கேட்டுக்கொண்டு.