ஹெல்லா யோங்கேரியஸோட பி-செட்: கோணல் தட்டுக்கு இவ்ளோ காசு குடுக்கலாமா?

குடுக்கலாம்னுதான் சொல்வேன், ஆனா எல்லாருக்கும் இது ஒத்துவராது. எங்க வீட்ல இந்த பீங்கான் செட்ல பெரிய தட்டு, சின்ன தட்டு, பவுல், கப்புன்னு கொஞ்சம் இருக்கு, எல்லாமே செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, ஷோகேஸ்ல வைக்காம தினமும் சாப்பிட்டு கழுவி அடுக்கிட்டு இருக்கோம்.

தெரியாதவங்களுக்காக: யோங்கேரியஸ் நெதர்லாந்து டிசைனர், 1990கள் கடைசில இந்த செட்டை பண்ணாங்க. செஞ்சு குடுத்தது அதே நாட்டுல ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துல மக்கும்ங்கிற ஊர்ல இருக்கற ராயல் டிகெலார்ங்கிற பீங்கான் கம்பெனி, அவங்க ஆரம்பம்னு சொல்ற வருஷமே 1572, அவ்ளோ பழைய கம்பெனி. பி-ன்னா நம்ம ஊர்ல செகண்ட்ஸ்னு தள்ளுவிலைக்கு போடுவாங்களே அந்த ரகம்தான். பீங்கான் ஃபேக்டரில லேசா கோணினாலே ரிஜெக்ட், இவங்க என்ன பண்ணாங்கன்னா வேணும்னே வழக்கத்தைவிட அதிக சூட்டுல சுட சொன்னாங்க, அதனால ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி கோணிக்கிச்சு.

இது ஏன் நடக்குதுன்னு தெரிஞ்சா தட்டை பாக்கற பார்வையே மாறிடும். பீங்கான் மண்ணுல கயோலின்ங்கிற வெள்ளை களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார்ங்கிற ரெண்டு தாதுக்கள், மூணும் இருக்கும். சூளைல சூடு ஏற ஏற ஃபெல்ட்ஸ்பார் உருகி கண்ணாடி மாதிரி ஆகி மத்ததை எல்லாம் பிடிச்சுக்கும், அதனாலதான் பீங்கான்ல தண்ணி இறங்காது, வெளிச்சத்துல புடிச்சா லேசா ஊடுருவும். ஆனா அந்த நேரத்துல தட்டு மொத்தமும் கொஞ்சம் இளகிதான் இருக்கும், சுருங்கவும் செய்யும். சூடு இன்னும் கொஞ்சம் ஏறினா தன் எடையை தானே தாங்க முடியாம ஓரம் தொய்ய ஆரம்பிச்சிடும். எந்தப் பக்கம் எவ்ளோ தொய்யும்னு முன்கூட்டியே யாரும் வரைஞ்சு குடுக்க முடியாது. டிசைனர் வட்டத்தை குடுத்தாங்க, மிச்சத்தை சூளை முடிச்சு குடுத்துச்சு, எனக்கு இதுல புடிச்சதே இதுதான்.

இப்போ கடைல "ஹேண்ட்மேட் லுக்"னு நெளிநெளியா ஓரம் வச்ச தட்டு நிறைய வருது, அதுல ஆறை எடுத்து ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி பாருங்க, ஆறுலயும் நெளிவு அதே இடத்துல இருக்கும், ஏன்னா நெளிவையே அச்சுல வார்த்திருக்காங்க. பி-செட்டை அடுக்கினா ஒவ்வொரு தட்டுக்கும் நடுவுல இடைவெளி வேற வேற, ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கும், இன்னொரு பக்கம் விரல் நுழையும். அடுக்கு லேசா சாஞ்சுதான் நிக்கும். பூ கிடையாது, தங்கக் கோடு கிடையாது, எங்ககிட்ட இருக்கறது வெறும் வெள்ளை, அதனால ஜன்னல் வெளிச்சம் அந்த ஓரத்துல ஏறி இறங்கறது நல்லா தெரியும், பக்கத்துல ஒரு சாதா தட்டை வச்சா அது ரொம்ப விறைப்பா தெரியுது எனக்கு.

சாப்பிடறதுக்கு எப்படின்னா, சாதத்துக்கு பிரச்சனை இல்ல. ரசம் ஊத்தினா ஒரு பக்கமா போய் நிக்கும். கண்ணாடி டேபிள்ல வச்சு ஓரத்துல அழுத்தினா சில தட்டு லேசா ஆடும், துணி விரிச்சா சரியாயிடும். கப் வாய் முழு வட்டம் இல்ல, கொஞ்சம் நீள்வட்டமா இருக்கும், குறுகின பக்கமா குடிச்சா காபி வசதியா வருது, ரெண்டு நாள்ல கை தானா அந்தப் பக்கத்தை கண்டுபிடிச்சிடும். அதோட நம்ம வீட்ல இப்போ இது என் தட்டு, அது உன் தட்டுன்னு பாத்தவுடனே தெரியுது, குழந்தைங்க அதுக்காகவே சண்டை போடறாங்க.

விலை அதிகம், அதை மறைக்க வேணாம். ரிஜெக்ட் பீஸுக்கு டிசைனர் விலையான்னு கேக்கறவங்க கோவம் புரியுது, ஆனா தானா கோணின ஒண்ணை எடுத்து விக்கறது வேற, சூளை சூட்டை தட்டு உருக்குலையற எல்லை வரைக்கும் தெரிஞ்சே கொண்டுபோய் ஒரு முழு செட்டையும் அங்கேயே நிறுத்தறது வேற. அதுக்கு சூளைக்காரங்க கைப்பக்குவம் வேணும்.

வாங்கறதா இருந்தா முழு செட்டா எடுக்காதீங்க, ரெண்டு தட்டு ஒரு கப்புல ஆரம்பிங்க. செகண்ட் ஹேண்ட்ல முடிஞ்சா நேர்ல போய் சமமான இடத்துல வச்சு அழுத்தி பாருங்க, ஓரத்தை விரலால தடவி பாருங்க, கோணல் இருக்கலாம், கிளேஸ், அதாவது மேல இருக்கற பளபளப்புப் பூச்சு, பெயர்ந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு தட்டா பாத்து எடுத்து வைக்க சோம்பேறித்தனமா இருந்தா, குறுகலான ஷெல்ஃப்ல டைட்டா அடுக்கற வீடா இருந்தா, இது வேணாம்.