பொன்னிக்கு நீவிவிட வருபவர்

எங்கள் பூனை பொன்னிக்கு 13 வயது. சிறுநீரகம் பழுதாகி ஒன்றரை வருடம் ஆகிறது. கடைசிப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு) 3.4, இருக்க வேண்டியதைவிட அதிகம். ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் 100 மில்லி சலைன் ஏற்றுகிறோம். போதாததற்குப் பின்னங்கால்களில் மூட்டுத் தேய்மானம். இருக்கிற சிறுநீரகத்தோடு வலி மருந்தைத் தாராளமாகக் கொடுக்க முடியாது. அதனால்தான் வீட்டுக்கே வந்து மசாஜ் செய்யும் ஒரு பெண்ணை எங்கள் கால்நடை மருத்துவர் சொன்னார். எட்டு வாரமாக வருகிறார், ஒரு தடவைக்கு 700 ரூபாய்.

முதல் நாள் அவர் பூனையைத் தொடவே இல்லை. ரிப்போர்ட்டைப் படித்தார், ஊசி எங்கே குத்துகிறோம் என்று கேட்டார், அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அரைமணி கழித்து பொன்னியே வந்து அவர் கையை முகர்ந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். முன்பு ஓரிடத்தில் நீலகிரித் தைலத்தை எடுத்தார்கள். பூனை உடம்பை நக்கும், அந்தத் தைலம் அதற்கு விஷம். பொன்னியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இவர் எண்ணெயே தொடுவதில்லை, வெறும் கைதான்.

கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் ஆரம்பிப்பார். பிறகு தோள், முதுகெலும்பின் இரு பக்கமும் இரண்டு விரலால் மெதுவாக நீவுவார்; எலும்பின் மேல் விரல் படாது. தொடையில் உள்ளங்கையை அப்படியே வைத்துச் சூடு இறங்கும்வரை காத்திருப்பார். வயிற்றையும் இடுப்பையும் அழுத்த மாட்டார், சலைன் தேங்கிய வீக்கத்தின் பக்கமே போக மாட்டார். வால் வெடுக்கென்று ஆடினாலோ முதுகுத் தோல் சிலிர்த்தாலோ கையை எடுத்துவிடுவார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம், சில நாள் ஐந்து.

சிறுநீரகம் இதனால் சரியாகாது. அவரே முதல் நாள் சொல்லிவிட்டார், கிரியேட்டினினும் குறையவில்லை. ஆனால் நான்காவது வாரத்தில் பொன்னி திரும்பவும் திவானில் ஏறியது. மாதக்கணக்கில் சடைபிடித்துக் கிடந்த முதுகை நக்கிச் சுத்தம் செய்கிறது.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நோய் வந்ததிலிருந்து நான் கை நீட்டினால் ஊசி, இல்லையென்றால் மாத்திரை. என் காலடிச் சத்தம் கேட்டாலே பீரோவுக்கு அடியில் போய்விடும். எத்தனையோ ராத்திரி அதை நினைத்து அழுதிருக்கிறேன். அவர் எனக்கும் நீவக் கற்றுக்கொடுத்தார். சலைன் போடும் பாயில் வேண்டாம், ஜன்னலோரம் வைத்துச் செய்யுங்கள் என்றார். இப்போது சாயங்காலமானால் ஜன்னலோரம் அதுவே வந்து படுத்துக்கொள்கிறது.

குறை என்றால், மழை நாளில் வர மாட்டார், இரண்டு முறை கடைசி நிமிடத்தில்தான் சொன்னார். காய்ச்சலோ புதிதாகக் கட்டியோ இருந்தால், சாப்பாட்டை அடியோடு விட்டிருந்தால், மசாஜுக்குக் கூப்பிடாதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள்.

அடுத்த மாதத்திலிருந்து அவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன். மற்ற நாட்களுக்கு என் கை போதும்.