முதல் தடவை குரூப் ரன் போன அனுபவம்

ரெண்டு மாசமா தனியாதான் ஓடிட்டு இருந்தேன், மூணு கிலோமீட்டர் தாண்டுனதே இல்ல. போன ஞாயித்துக்கிழமை ஒரு கம்யூனிட்டி ரன்னுக்குப் போயிட்டேன், 5 கிலோமீட்டர், ஃபீஸ் கிடையாது.

எல்லாரும் முன்னாடி போயிருவாங்க, கடைசியில நான் மட்டும் தனியா வருவேன்னுதான் பயமா இருந்துச்சு. ஆனா வேகத்த வச்சு குரூப் பிரிச்சிருந்தாங்க, நான் சேந்தது கிலோமீட்டருக்கு 8 நிமிஷம் குரூப், அதாவது 40 நிமிஷத்துல முடியணும், அதுக்கும் பின்னாடி கடைசி ஆளோட கூடவே வர்றதுக்குன்னு ஒரு வாலண்டியர். இதுக்கே முழு மார்க் போடலாம்.

பக்கத்துல ஓடுன அக்கா பேச்சு குடுத்துட்டே வந்தாங்க, நான் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குறதப் பாத்துட்டு "ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலன்னா வேகம் ஜாஸ்திப்பா, குறைச்சுக்கோ"ன்னாங்க. மூணாவது கிலோமீட்டர்ல விலா ஓரமா சுருக்குனு பிடிச்சப்ப நடந்துக்கிட்டே ஆழமா மூச்சு விடச் சொன்னாங்க, கொஞ்ச நேரத்துல விட்ருச்சு. தனியா ஓடுறப்பல்லாம் ஆரம்பத்துலயே வேகமா கிளம்பிதான் களைச்சுப் போயிருக்கேன்னு அன்னிக்குதான் புரிஞ்சுது.

குறைன்னா வார்ம் அப்ப அவசர அவசரமா முடிச்சுட்டாங்க, புதுசா வர்றவங்க பத்து நிமிஷம் முன்னாடியே போயி வேகமா நடந்துக்கோங்க. வழியில தண்ணியும் வைக்கல, கையில கொண்டு போயிருங்க.

முன்னாடி முடிச்சவங்க யாரும் கிளம்பாம நின்னு கை தட்டுனாங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. 42 நிமிஷம். அடுத்த வாரத்துக்கும் பேரு குடுத்துட்டேன்.